லொறித் தரகரும் சரக்கு அனுப்புவோரும்: எப்போது நாடுவது, எப்போது தவிர்ப்பது

பெரும்போக அறுவடை தொடங்கியதும் படுவான்கரை வயல்வெளிகளில் விளைச்சலைப் பற்றிய பேச்சுக்கு முன்னதாகவே லொறியைப் பற்றிய பேச்சு எழுந்துவிடுகின்றது. அரிவாளால் அறுத்து, சூடு வைத்து, மிதித்துத் தூற்றிய காலத்தில் அறுவடை வாரக்கணக்கில் நீண்டது. நெல்லும் சிறிது சிறிதாகவே வீடு வந்து சேர்ந்தது. இன்று இயந்திரம் ஒரே நாளில் பல ஏக்கரை அறுத்து, ஈரம் காயாத நெல்லை வரம்போரத்தில் குவித்துவிட்டு அடுத்த வட்டைக்குப் போய்விடுகின்றது. ஈர நெல்லை வைத்திருக்க முடியாது. வைத்திருந்தால் புழுங்கும், முளைக்கும், நிறம் மாறும். ஆகவே முழு மாவட்டத்துக்கும் ஒரே சில வாரங்களுக்குள் லொறி தேவைப்படுகின்றது. அவசரம் விவசாயியுடையது, வாகனமோ வேறொருவருடையது. இவ்விருவருக்கும் இடையில் கையில் ஒரு தொலைபேசியுடன் நிற்பவரே லொறித் தரகர்.

இவரைப் பற்றி எமது மக்களிடையே நிலவும் கருத்து பெரும்பாலும் ஒருதலைப்பட்சமானது. உழைக்காமல் இடையில் நின்று பணம் பறிப்பவர் என்பதே அக்கருத்து. எனினும் ஏறாவூரில் அரிசி ஆலை நடத்துபவரும், வாழைச்சேனையில் மீன் வாடி வைத்திருப்பவரும், காத்தான்குடியில் மொத்த வியாபாரம் செய்பவரும், கொக்கட்டிச்சோலையில் நெல் கட்டுபவரும் ஏதோ ஒரு நாளில் இவரைத் தேடிப் போகவே செய்கின்றனர். தேடிப்போகும்போது, தாம் வாங்குவது என்ன, அதற்குக் கொடுக்கும் விலை என்ன, சரக்கு வழியில் சேதமுற்றால் யாரைப் பிடிப்பது என்பவற்றை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அதனைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொற்களைச் சரிசெய்து கொள்ளுதல் நன்று. லொறியைச் சொந்தமாக வைத்து வாடகைக்கு ஓட்டுபவர் வாகன உரிமையாளர். துறைமுகத்தில் சுங்கத் திணைக்களத்தின் காரியங்களை முடித்துப் பொருளை வெளியே எடுத்துத் தருபவர் சுங்க முகவர். ஒரு பெட்டகம் முழுவதற்குமோ பல வணிகரின் பொதிகளைச் சேர்த்தோ கப்பலில் இடம் ஒழுங்கு செய்து, பொருளைத் தமது பொறுப்பில் ஏற்று, அதற்கு ஆவணமும் வழங்குபவர் சரக்கு அனுப்பு முகவர். லொறித் தரகர் இவர்களுள் எவரும் அல்லர். அவரிடம் வாகனம் இல்லை, களஞ்சியம் இல்லை, பொருள் அவர் கைக்கு வருவதுமில்லை. எந்த லொறி இன்றிரவு எங்கே வெறுமையாகத் திரும்பக் காத்திருக்கின்றது, அதன் சாரதி நம்பத்தக்கவரா, எவ்வளவுக்கு இறங்கி வருவார் என்ற தகவலே அவரது மூலதனம். அத்தகவலை விற்றே அவர் வாழ்கின்றார். அந்த விற்பனைக்குரிய கூலி சில வேளை லொறிக்காரரிடமிருந்தும், சில வேளை சரக்குக்காரரிடமிருந்தும், இரு தரப்பும் அறியாமல் இருவரிடமிருந்தும் பெறப்படுவதுண்டு. இந்த மூன்றாவது வகையைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

மட்டக்களப்பில் இத்தொழில் இத்தனை வேரூன்றியதற்கு இம்மண்ணின் அமைப்பே முதற் காரணம். சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கும் வாவி, மாவட்டத்தை இரண்டாகப் பிளக்கின்றது. சூரியன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை. அது படும் பக்கம் படுவான்கரை. நெல்லும் பாலும் மாடும் மேற்கே. கடையும் ஆலையும் சந்தையும் நெடுஞ்சாலையும் கிழக்கே. விளைந்த இடத்திலிருந்து விற்கும் இடத்துக்குப் போவதற்கு நீரைக் கடந்தாக வேண்டும். வள்ளமும் தோணியும், பின்னர் 'பாதை' என்று நாம் அழைக்கும் மிதவையுமே அதற்கு வழியாக இருந்தன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, அவ்வழியால் கொக்கட்டிச்சோலைப் பகுதியிலிருந்து ஆரையம்பதிப் பக்கம் வரும் சரக்கு பாதையில் ஏறியே வந்தது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே பாதையில் ஏறிக் கடந்தோருக்கு அக்காத்திருப்பைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. இவ்வாறான நிலத்தில், எந்தக் கரையில் வாகனம் நிற்கின்றது, எந்த நேரத்தில் பாதை போகும், மழை பெய்தால் எந்த வழி மூடும் என அறிந்திருந்தவர் மதிப்புப் பெற்றது இயல்பே.

இதற்கும் முற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. வண்டிப்பாதைகள் இல்லாத காலத்தில் கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் மலைநாட்டுக்கு ஏற்றிச் சென்று, பாக்கு முதலியவற்றை இறக்கி வந்தவை பொதிமாட்டுக் கூட்டங்கள். 'தவளம்' எனப்பட்ட அப்போக்குவரத்தைப் பெரிதும் நடத்தியவர்கள் முஸ்லிம்கள். காட்டு வழியையும் நீர்நிலையையும் கண்டி இராச்சியத்தின் கடவைகளையும் அறிந்திருந்ததே அவர்களின் வணிக வலிமை. தமிழ்ப் போடியாரின் நெல்லும் முஸ்லிம் வணிகரின் வண்டியும் ஒன்றையொன்று நம்பியிருந்த இப்பிரதேசத்தின் பொருளாதாரம் அந்த வேரிலிருந்து வளர்ந்ததே.

போர்க்காலம் அந்த அறிவின் விலையை உயர்த்தியது. படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. செங்கலடியின் கறுத்தப்பாலம் போன்ற கடவைகளில் சரக்குச் சோதிக்கப்பட்டது, அனுமதி கேட்கப்பட்டது, அப்பாற் சென்றால் வரியும் கேட்கப்பட்டது. 1990இன் கொடுமைகளுக்குப் பின்னர் ஒருவரது ஊருக்கு மற்றவர் போகத் தயங்கிய ஆண்டுகளிலும் நெல் மேற்கிலும் ஆலை கிழக்கிலுமே இருந்தன. 2019 ஏப்ரல் 21ஆம் திகதிய குண்டுவெடிப்புகளின் பின்னர் ஒரு சமூகத்தவரின் கடையை மற்றச் சமூகத்தவர் தவிர்க்கும் போக்குத் தலைதூக்கியதையும் நாம் கண்டோம். இத்தகைய காலங்களில் இரு ஊர்களிலும் முகம் தெரிந்த, இரு தரப்பும் தொலைபேசியை எடுத்துப் பேசத் தயங்காத ஒருவர் இருந்தால், சரக்கு நகர்ந்தது. தரகரைத் திட்டுவோர் இதனையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனித் தரகரின் பொருளாதாரத்துக்கு வருவோம். அதன் அச்சாணி வெற்று லொறி. கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து சீனி, மா, பருப்பு, துணி, சீமெந்து என ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்கோ காத்தான்குடிக்கோ வரும் லொறி, பொருளை இறக்கியதும் திரும்பிப் போக வேண்டும். வந்த பயணத்துக்கான வாடகையை அதன் உரிமையாளர் பெரும்பாலும் பெற்றுவிட்டார். வெறுமையாகத் திரும்பினால் டீசல் செலவு அவர் தலையில். அந்த லொறி ஒரு லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடும் என்றும், கொழும்புக்கான தூரம் 320 கிலோமீற்றர் என்றும் வைத்துக்கொள்வோம். திரும்பும் பயணத்துக்கு 64 லீற்றர் வேண்டும். 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 121 ரூபாவுக்கு விற்றது. அந்தக் கணக்கில் 7,744 ரூபா. 2022 ஜூன் மாத இறுதியில் அதே டீசல் 460 ரூபாவானது. கணக்கு 29,440 ரூபாவாக ஏறியது. ஆறே மாதங்களில் வெற்று லொறியின் நட்டம் ஏறக்குறைய நான்கு மடங்காகிய காலம் அது. டீசல் விலை ஏறும்போதெல்லாம் திரும்புச் சுமைக்கு லொறிக்காரர் கொள்ளும் ஆவலும் ஏறும். 'ரிட்டேர்ன் லோட்' என்று எமது வீதிகளில் வழங்கும் அந்தச் சுமையைத் தேடித் தருபவருக்கு அவர் கூலி கொடுக்கப் பின்னிற்பதில்லை.

சரக்கு அனுப்புபவருக்கும் இதில் இலாபம் உண்டு. திரும்பும் லொறியின் உரிமையாளர் முழு வாடகையை எதிர்பார்ப்பதில்லை. டீசலும் சாரதியின் படியும் கழிந்து சிறிது மிஞ்சினாற் போதும் என்று இறங்கி வருவார். ஆகவே கொழும்பிலிருந்து கிழக்குக்கு வரும் வாடகையும் கிழக்கிலிருந்து கொழும்புக்குப் போகும் வாடகையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டை அறியாத சிறு உற்பத்தியாளர், தரகர் சொல்லும் தொகையை முழு வாடகை என எண்ணிக் கொடுத்துவிடுகின்றார். ஆனால் அறுவடைக் காலத்தில் இக்கணக்குத் தலைகீழாகும் என்பதையும் மறத்தலாகாது. அப்போது வெளியே போகும் சரக்கு மிகுந்து லொறி குறைவதால், பொலன்னறுவைக்குப் போகும் குறுகிய பயணத்துக்குக்கூட வாடகை ஏறிவிடும்.

அப்படியாயின் ஒரு வணிகர் எப்போது தரகரை நாட வேண்டும்? எமது கணிப்பில், அனுப்பும் தேவை ஒழுங்கற்றதாக இருக்கும்போதே அவரால் மிகுந்த பயன் கிடைக்கும். ஆண்டில் மூன்று நான்கு தடவை மட்டும் கொழும்புக்குச் சரக்கு அனுப்பும் முந்திரிப்பருப்பு உற்பத்தியாளர், ஒரு கடையின் திடீர்க் கட்டளைக்கு நெசவுத் துணியை அனுப்ப வேண்டிய மருதமுனைக்காரர், வழக்கமாகப் பொலன்னறுவைக்கு விற்றுவிட்டு இம்முறை மட்டும் மரந்தகஹமுலைச் சந்தையை முயன்று பார்க்க விரும்பும் ஆலைக்காரர் ஆகியோர் லொறி உரிமையாளர்களைத் தேடி அலைவது வீண். அவர்கள் தேடும் நேரத்தின் பெறுமதி தரகுக் கூலியைவிட அதிகம். முழு லொறியை நிரப்பப் போதுமான சரக்கு இல்லாதவருக்கும் இதுவே பொருந்தும். இரண்டு தொன் பொருளுக்குப் பத்துச் சில்லு லொறி பிடிப்பதிலும், இன்னொருவரின் எட்டுத் தொன்னுடன் சேர்த்து அனுப்புவது எவ்வளவோ மலிவு. அந்த இன்னொருவரைத் தெரிந்திருப்பது தரகருக்கே.

இடர்க்காலத்திலும் அவ்வாறே. 2011 ஜனவரி வெள்ளத்திலும், 2025 நவம்பரில் 'டித்வா' புயலின் பின்னரும் எந்த வீதி திறந்திருக்கின்றது, மன்னம்பிட்டி வழியா மகா ஓயா வழியா என்பதே கேள்வியாயிற்று. நாள்தோறும் பல சாரதிகளுடன் பேசும் தரகரிடம், அரச அறிவிப்பு வருமுன்னரே விடை கிடைப்பதுண்டு.

நாடக் கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. வாரந்தோறும் ஒரே இடத்துக்கு ஒரே அளவு சரக்கு அனுப்புபவருக்குத் தரகர் தேவையற்றவர். ஒரு பயணத்துக்கு 60,000 ரூபா வாடகை என்றும் அதில் நூற்றுக்கு 5 தரகு என்றும் கொள்வோம். பயணத்துக்கு 3,000 ரூபா. ஆண்டுக்கு 50 பயணமாயின் 1,50,000 ரூபா. அந்தத் தொகையில் பாதியை வாடகையோடு சேர்த்துத் தருவதாகச் சொன்னால், நல்ல லொறி உரிமையாளர் ஒருவர் ஆண்டு முழுவதும் தவறாமல் வந்து நிற்பார். தரகர் அறிமுகம் செய்த உரிமையாளரிடம் பின்னர் நேரடியாகப் பேசிக்கொள்வது முறையா என்று சிலர் கேட்கக்கூடும். அறிமுகத்துக்குரிய கூலியை முதற் சில பயணங்களில் ஒழுங்காகக் கொடுத்து, சொல்லிவிட்டு விலகுவது முறைதான். சொல்லாமல் விலகினால், அவசர நாளில் மீண்டும் அவரிடம் போக முகமிருக்காது. சிறிய ஊர்களில் இது சிறிய விடயமன்று.

மீனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பேலியகொடைச் சந்தைக்குப் போகும் மீன், விடியுமுன் சேர்ந்தால் ஒரு விலை, விடிந்தபின் சேர்ந்தால் வேறு விலை. ஐஸ் இட்டு மூடிய வாகனமும், குளிரூட்டியின் பராமரிப்பும், சாரதியின் தூக்கமும்கூட அதில் விலையாகின்றன. இன்றைக்கு ஒருவர், நாளைக்கு இன்னொருவர் எனத் தரகர் பிடித்துத் தரும் வாகனத்தில் இதனை ஒப்படைத்தல் அறிவுடைமையன்று. மீன் முதலாளிகள் பலர் தமக்கென வாகனமோ நிரந்தர ஒப்பந்தமோ வைத்திருப்பது இதனாற்றான். நண்டும் இறாலும் அனுப்புவோருக்கும் இதுவே எமது ஆலோசனை.

அதற்காக எல்லோரும் சொந்த லொறி வாங்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. குத்தகைக் கம்பனியிடம் மாதக்கட்டணத்துக்கு எடுத்த 'கன்டர்' ஒன்றை வாரத்தில் இரண்டு நாள் ஓட்டி, ஐந்து நாள் வாசலில் நிறுத்தி வைத்திருக்கும் சிறு வணிகரை எமது ஊர்களில் காணலாம். தவணைப் பணம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், டயர், சாரதியின் சம்பளம் ஆகியவற்றைக் கூட்டி, ஓடிய நாட்களால் வகுத்துப் பார்த்தால், தரகருக்குக் கொடுக்கும் கூலி மிக மலிவாகத் தோன்றும். வாகனம் ஒரு கௌரவம் என்ற எண்ணத்துக்குக் கொடுக்கும் விலை அது.

இனி மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி: பொறுப்பு. ஏற்றிய சரக்கு நனைந்துவிட்டது, மூடை குறைந்துவிட்டது, அல்லது லொறியே குறித்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. தரகரிடம் கேட்டால், "நான் வாகனத்தை மட்டுமே பிடித்துத் தந்தேன்" என்பார். உரிமையாளரிடம் கேட்டால், "எனக்கு உங்களைத் தெரியாது, தரகரைக் கேளுங்கள்" என்பார். சாரதியின் தொலைபேசி ஓய்ந்துவிடும். வாகனக் காப்புறுதி இருக்கின்றதே என எண்ணுவோர் பலர். சட்டப்படி கட்டாயமான மூன்றாந் தரப்புக் காப்புறுதி, லொறியில் ஏற்றியுள்ள உங்கள் பொருளுக்குப் பதில் சொல்வதில்லை. அதற்கென்று போக்குவரத்திலுள்ள சரக்குக்கான தனிக் காப்புறுதி எடுத்தாக வேண்டும். அதனைத் தரகர் எடுத்திருக்கின்றாரா, உரிமையாளர் எடுத்திருக்கின்றாரா, அல்லது நீங்களே எடுக்க வேண்டுமா என்பதைச் சரக்கை ஏற்றுமுன் கேட்க வேண்டும்.

சட்டம் இங்கு அதிகம் துணை நிற்பதாகத் தெரியவில்லை. இலங்கையில் கப்பல் முகவர்களும் சரக்கு அனுப்பு முகவர்களும் 1972ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற வேண்டியவர்கள். கடல்வழி வணிகத்துக்கென எழுந்த அச்சட்டத்தின் பார்வையில் எமது சந்தியில் நிற்கும் லொறித் தரகர் விழுவதில்லை. பிற நாடுகளைப் பார்ப்போம். இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 93ஆம் பிரிவு, சரக்கு வாகனங்களுக்குப் பொருள் சேர்த்து அனுப்பும் முகவர்கள் அனுமதி பெற வேண்டும் என்கின்றது. 1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2007இல் வீதிவழிச் சரக்குப் போக்குவரத்துக்கெனப் புதிய சட்டமும் இயற்றப்பட்டது. அமெரிக்காவில் சரக்குத் தரகர் கூட்டாட்சி அரசிடம் பதிவு பெறுவதுடன், 2013 முதல் 75,000 டொலர் பிணையும் காட்ட வேண்டும். அங்கு இன்னொரு விதி உண்டு. எம்மைப் பொறுத்தவரை பிணையைவிட அதுவே பெறுமதியானது. தரகர் ஒவ்வொரு பயணத்துக்கும் பதிவேடு வைத்திருக்க வேண்டும்; சரக்குக்காரர் கொடுத்தது எவ்வளவு, லொறிக்காரர் பெற்றது எவ்வளவு என்பதை அப்பயணத்தில் சம்பந்தப்பட்ட எத்தரப்பும் கேட்டுப் பார்க்க உரிமையுண்டு. இரு பக்கமும் மறைத்துப் பெறும் கூலிக்கு அங்கே இருக்கும் தடை அதுதான்.

இக்கோட்பாடு எமக்குப் புதிதன்று. இஸ்லாமிய வணிக நெறியில் தரகருக்கு 'சிம்சார்' என்ற பெயர் உண்டு. தரகுக் கூலி ஆகுமானதே என்றும், அது எவ்வளவு என்பது முன்கூட்டியே அறியப்பட்டிருக்க வேண்டும் என்றும் மார்க்கச் சட்ட அறிஞர்கள் பலர் கூறியுள்ளனர். பட்டணத்தார் நாட்டுப்புறத்தாருக்காக விற்றுக்கொடுப்பதைத் தடுக்கும் நபிமொழிக்கு, அவருக்குத் தரகராக நிற்கக் கூடாது என்பதே பொருள் என இப்னு அப்பாஸ் (ரழி) விளக்கம் தந்ததையும் மார்க்கம் கற்றோர் அறிவர். சந்தை நிலவரம் அறியாதவரின் அறியாமையை மற்றவர் தமக்கு இலாபமாக்கிக் கொள்ளலாகாது என்ற கவலை அவ்விளக்கங்களின் பின்னே நிற்கின்றது.

இக்கவலை எமது வயல்களில் இன்றும் உயிருடன் இருக்கின்றது. லொறித் தரகரும் நெல் தரகரும் ஒரே ஆளாக இருக்கும்போதுதான் உண்மையான தீங்கு விளைகின்றது. வாகனம் தேடித் தரும்படி கேட்ட விவசாயியிடம், "இப்போது லொறி இல்லை, வேண்டுமானால் நெல்லை இங்கேயே எடுத்துக்கொள்கின்றேன்" என்று சொல்லப்படுகின்றது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு 120 ரூபாவும், சம்பாவுக்கு 125 ரூபாவும், கீரி சம்பாவுக்கு 132 ரூபாவும் உத்தரவாத விலையாக அறிவித்தது. அவ்விலையைப் பெறுவதாயின் ஈரப்பதன் நூற்றுக்கு 14ஐத் தாண்டாத நெல் நெல் சந்தைப்படுத்தல் சபையின் களஞ்சிய வாசலில் இருக்க வேண்டும். காயவைக்கும் தளமும் கொண்டு செல்லும் வாகனமும் இல்லாதவருக்கு அந்த விலை பத்திரிகையில் வாசிக்கும் விலை மாத்திரமே. வரம்போரத்தில் கிலோவுக்கு 5 ரூபா குறைத்துக் கொடுத்தாலும், 10,000 கிலோவில் 50,000 ரூபா போய்விடுகின்றது. லொறி வாடகை அதைவிடக் குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த வாடகையைத் தெரிந்துகொள்ள அவருக்கு இருந்த ஒரே வழி, நெல்லை வாங்க வந்தவரே.

ஆதலால் தரகரைத் தெரிவு செய்யும்போது முதலில் கேட்க வேண்டியது, அவர் தாமே பொருளையும் வாங்கி விற்பவரா என்பது. ஆம் எனில், வாகனத்துக்கு இன்னொருவரிடமும் விலை கேட்காமல் அவரிடம் உடன்படலாகாது. பிரதேச செயலகத்தில் வர்த்தகப் பெயர்ப் பதிவு செய்தவரா, நிலையான இடத்தில் இருப்பவரா என்பதும் பார்க்கப்பட வேண்டும். முற்பணம் முழுவதையும் தரகர் கையில் கொடுத்துவிடும் வழக்கம் மிக ஆபத்தானது. அவர் சாரதிக்கு டீசல் பணம் கொடுக்காமல் விட்டால், லொறி நடுவழியில் நிற்கும். அல்லது சாரதி உங்கள் சரக்கைப் பிணையாக வைத்துக்கொண்டு மீண்டும் பணம் கேட்பார். டீசலுக்குப் போதுமான தொகையைச் சாரதியிடம் நேரே கொடுத்து, மீதியைச் சரக்கு இறங்கியதும் உரிமையாளருக்குச் செலுத்துவதும், தரகுக் கூலியை வாடகையிலிருந்து பிரித்துத் தனியே கொடுப்பதும் பாதுகாப்பான முறை. தரகர் ஒருவர், தாம் பெற்ற வேலையை இன்னொரு தரகரிடம் தள்ளிவிடுவதும் உண்டு. உங்களிடம் பேசப்பட்ட வாகன இலக்கமும் வாசலில் வந்து நிற்கும் வாகன இலக்கமும் வேறாயின், ஏற்றுவதை நிறுத்திக் காரணம் கேளுங்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை ஒரு பக்கத்துக்குள் அடங்கும். வாகன இலக்கம், உரிமையாளரின் பெயர், சாரதியின் அடையாள அட்டை இலக்கம், மூடைகளின் எண்ணிக்கையும் நிறையும், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி யாருடையது, சேரவேண்டிய நேரம், தாமதித்தால் என்ன, நனைந்தால் யார் பொறுப்பு, தரகருக்கு எவ்வளவு, யார் கொடுப்பது. மூவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டால் போதும். "இத்தனை வருடப் பழக்கம், எழுத்து எதற்கு" என்ற வார்த்தை இரு சமூகத்தாரிடையேயும் கேட்கும் வார்த்தையே. பழக்கம் கெடாமலிருக்கவே எழுத்து வேண்டும் என்பது எமது பதில். பிணக்கு ஏற்பட்டு மத்தியஸ்த சபைக்குப் போக நேர்ந்தாலும் அங்கே பேச உதவுவது அந்த ஒற்றைத் தாளே.

கைபேசிச் செயலிகள் தரகரை ஒழித்துவிடும் என்ற பேச்சு சில காலமாக அடிபடுகின்றது. கொழும்பில் சிறு லொறிகளையும் 'பட்டா' வாகனங்களையும் செயலியூடாக அழைக்க முடிகின்றது. அமெரிக்காவில் 2015இல் தொடங்கி, பெரும் முதலீட்டுடன் சரக்குத் தரகைக் கணினிமயமாக்க முனைந்த 'கொன்வோய்' நிறுவனம் 2023 ஒக்டோபரில் மூடப்பட்டது. 1905இல் தொடங்கிய சி. எச். ரொபின்சன் நிறுவனமோ இன்னும் அத்தொழிலில் முன்னணியில் இருக்கின்றது. ஒரு நிறுவனத்தின் தோல்வியிலிருந்து பெரிய முடிவுக்கு வர நாம் விரும்பவில்லை. எனினும் கிரான் பக்கத்து மண்பாதையில் மழைநாளில் எந்த லொறி இறங்கும் என்பதையும், இன்ன ஆலைக்காரர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையில் சரக்கு இறக்கமாட்டார் என்பதையும், இன்ன ஊரில் கோயில் தீர்த்தத்தன்று வீதி மூடப்படும் என்பதையும் செயலிக்குள் ஏற்றுதல் இலகுவன்று.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்ட விவசாய அமைப்புகள் மாவட்டமெங்கும் உள்ளன. உரமும் நீரும் பேசும் அவற்றின் கூட்டங்களில் லொறியும் பேசப்படலாம். ஒரு கண்டத்தின் அறுவடைத் திகதி தெரிந்தவுடன், இருபது முப்பது விவசாயிகளின் நெல்லை ஒன்றாகக் கணக்கிட்டு, அறுவடைக்கு இரண்டு வாரம் முன்னரே இரண்டு மூன்று தரகர்களிடம் எழுத்தில் விலை கேட்கலாம். தனி ஒருவரின் நாற்பது மூடைக்குப் பதில் சொல்லாதவர், ஆயிரம் மூடைக்கு நேரில் வருவார். அவ்வாறு வரும்போது அவர் நெல்லை வாங்க வந்தவராக இல்லாமல் லொறி பிடித்துத் தர வந்தவராக மட்டும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்த அமைப்பே விதிக்க முடியும். எதிர்வரும் பெரும்போகத்துக்கான ஆரம்பக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் இவ்விடயத்தையும் சேர்த்துக்கொள்ளுமாறு மாவட்டச் செயலகத்தையும் கமநல அபிவிருத்தி உத்தியோகத்தர்களையும் நாம் கேட்டுக்கொள்கின்றோம்.